எல்லையோரச் சிற்றூர்களில் எளிய இயற்பியல் சோதனைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைக் கடந்தால் பாறசாலை வரும். அதற்கடுத்துக் களியக்காவிளை. இவ்விரு ஊர்களுக்கும் இடையேதான் கேரளமும் தமிழ்நாடும் பிரிகின்றன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. கோடு கிழிக்கப்பட்டதேயன்றி, மக்களின் பேச்சு அக்கோட்டின்படி பிரிந்துவிடவில்லை. கோட்டிற்கு மேற்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களும், கிழக்கே மலையாளம் பேசும் குடும்பங்களும் இன்றளவும் வாழ்கின்றன. தமிழ்வழி வகுப்புகளைக் கேரளப் பக்கத்திலும், மலையாளவழி வகுப்புகளைக் குமரி மாவட்டத்திலும் காணலாம்.

அதே 1956-ஆம் ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தின் 7-ஆம் திருத்தத்தால் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியிலேயே கல்வி பெறப் போதிய வசதி அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வசதி பெரும்பாலும் பாடநூலை மொழிபெயர்த்து அச்சிடுவதோடு அமைந்துவிடுகிறது. வரலாறும் கணக்கும் இதனால் ஓரளவு சமாளிக்கப்படலாம். அறிவியல் பாடத்தில்தான் எல்லையோரக் குழந்தையின் இடர்ப்பாடு வெளிப்படுகிறது.

வீட்டுச் சொல்லும் பாடச் சொல்லும்

அழுத்தம் என்று தமிழ்ப் புத்தகம் கூறுவதை மலையாளப் புத்தகம் மர்த்தம் என்கிறது. அடர்த்திக்குச் சாந்திரத என்றும், உராய்வுக்குக் கர்ஷணம் என்றும், பரப்பு இழுவிசைக்குப் பிரதலபலம் என்றும், ஈர்ப்பு மையத்திற்குக் குருத்வகேந்திரம் என்றும் அங்கே பெயர். தொடக்க வகுப்பைத் தமிழில் பயின்ற மாணவன் பின்னர் மலையாள வழிக்கோ ஆங்கில வழிக்கோ மாறினால், ஒரே கருத்தை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் புதிய பெயரில் மனப்பாடம் செய்ய வேண்டியவனாகிறான். கருத்து விளங்கியிருந்தால் பெயர் மாறுவது பெருந்தொல்லையன்று. பெயரைத் தவிர வேறொன்றும் கற்பிக்கப்படாதிருந்தால், பெயர் மாறும்போது கையிலிருந்ததெல்லாம் போய்விடுகிறது.

ஆனால் சமையலறைப் பொருள்களுக்கு இந்த எல்லை கிடையாது. உப்பு, முட்டை, நூல், கயிறு, தொட்டில், கிணறு, சிரட்டை ஆகியவை இருபுறமும் ஏறக்குறைய ஒரே பெயரில் வழங்குகின்றன. பிற மாவட்டத்தார் மெழுகுவர்த்தி என்பதை இப்பகுதியில் இருமொழியினரும் மெழுகுதிரி என்றே கூறுவர். விதிவிலக்கும் உண்டு. வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர். தமிழிலோ ஊரை அழிக்கும் பெருக்கு. வகுப்பில் இதனால் எழும் சிரிப்பு பாடத்திற்குத் தீங்கு செய்வதில்லை. ஆகவே, சோதனையை வீட்டுப் பொருளில் தொடங்கி, வீட்டுச் சொல்லில் பேசி, கலைச்சொல்லை இறுதியில் அறிமுகம் செய்வது இப்பகுதிக்கு மிகவும் பொருந்தும் முறையாகும்.

இம்முறை புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகளும் ஆய்வுக்கூடங்களும் அழிந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக, கிடைத்த பொருளைக் கொண்டு சோதனை செய்யும் வழிகளைக் கூறும் கையேடொன்றை 1948-இல் யுனெஸ்கோ வெளியிட்டது. அதுவே விரிந்து 1956-இல் அறிவியல் கற்பித்தலுக்கான மூலநூலாக வெளிவந்தது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், கிராமக் குழந்தைகள் தாமே சோதனை செய்து முடிவு காண்பதை அடிப்படையாகக் கொண்டிருந்தது. 2002-இல் மாநில அரசு அதனை நிறுத்திவிட்டது. கேரளத்தில் 1962-இல் தோன்றிய சாஸ்திர சாகித்திய பரிஷத்தும், அது 1970 முதல் வெளியிட்டுவரும் ‘யுரீகா’ என்னும் சிறார் இதழும், தமிழ்நாட்டில் 1980-இல் தோன்றிய அறிவியல் இயக்கமும், 1987-இல் தொடங்கிய ‘துளிர்’ இதழும் எல்லையின் இருபுறமும் இப்பணியைச் செய்துள்ளன.

தேசியக் கல்விக் கொள்கையை (1986) அடுத்து வந்த கரும்பலகைத் திட்டத்தின்கீழ் தொடக்கப் பள்ளிகளுக்கு அறிவியல் கருவிப் பெட்டிகளும் வழங்கப்பட்டன. பொருள் உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சத்தால் அப்பெட்டிகள் அலமாரியிலேயே உறங்கிய பள்ளிகள் நாட்டில் பல. வீட்டிலிருந்து கொண்டுவரும் டம்ளருக்குக் கணக்குப் பதிவேடு தேவையில்லை என்பதும் இம்முறையின் ஒரு நன்மையே.

காற்றின் எடையும் கிணற்றின் ஆழமும்

ஒரு டம்ளரில் விளிம்புவரை நீர் நிரப்பி, வழவழப்பான அட்டை ஒன்றை மேலே வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே கவிழ்த்துக் கையை எடுத்தால் அட்டை விழுவதில்லை. இதனை அறியாத ஆசிரியர் இல்லை. “காற்று அழுத்துகிறது” என்று கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவதே வழக்கம். எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கணக்கிடச் செய்வதில்தான் பயன் இருக்கிறது. டம்ளரின் உயரம் 12 செ.மீ. எனில், ஒவ்வொரு சதுர செ.மீ. அட்டையின் மீதும் உள்ள நீரின் எடை 12 கிராம். கீழிருந்து காற்று அதே பரப்பில் தாங்கும் அளவோ ஏறக்குறைய 1,030 கிராம். டம்ளர் 10 மீட்டர் உயரம் இருந்தாலும் காற்று தாங்கும் என்பதை ஆறாம் வகுப்பு மாணவனே கண்டுவிடுவான். அதற்கு மேல்?

இவ்வினாவிற்கு விடை அவனது வீட்டு முற்றத்திலேயே உள்ளது. உறிஞ்சு குழாய் நீரை இழுப்பதாக நாம் பேசினாலும், உண்மையில் குழாயினுள் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்றே நீரை மேலே தள்ளுகிறது. ஆகையால் எத்துணை ஆற்றல் வாய்ந்த மோட்டாராயினும் 10 மீட்டருக்குக் கீழுள்ள நீரை மேலிருந்து உறிஞ்ச இயலாது. நடைமுறையில் 7 மீட்டரே கடினம். வெட்டுக்கல் நிறைந்த இம்மேட்டு நிலங்களில் ஆழமான கிணறுகளுக்குள் மேடை அமைத்து மோட்டாரை இறக்கி வைத்திருப்பதன் காரணம் இதுவே. நீரில் மூழ்கி நின்று கீழிருந்து தள்ளும் பம்புகளுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. கோடையில் கிணற்று நீர் இறங்கியபின் மோட்டார் ஓடியும் நீர் வராதபோது, பழுதுபார்ப்பவரை அழைப்பதற்கு முன் கயிறு கட்டி ஆழத்தை அளந்து பார்க்கும் மாணவன் அழுத்தத்தைப் புரிந்துகொண்டவன் எனலாம்.

புத்தகமே தவறும்போது

தட்டில் சிறிது நீர் ஊற்றி, நடுவே மெழுகுதிரியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சற்று நேரத்தில் சுடர் அணைகிறது. நீர் டம்ளருக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் உள்ளது, அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தை நீர் நிரப்பியது என்ற விளக்கம் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் கூறப்பட்டுவந்துள்ளது. நீர் ஏறும் அளவும் சில வேளைகளில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி அமைந்துவிடுவதால் ஐயம் எழுவதில்லை. எனினும் இவ்விளக்கம் சரியன்று. அதனைச் சிறுவர்களே கண்டுபிடிக்க முடியும் என்பதுதான் இச்சோதனையின் சிறப்பு.

முதலாவதாக, நீர் எப்போது ஏறுகிறது என்று கவனிக்கச் செய்ய வேண்டும். ஆக்சிஜன் தீர்வதால் ஏறுமாயின், சுடர் எரியும் நேரம் முழுதும் சீராக ஏற வேண்டும். நிகழ்வதோ வேறு. எரியும்போது நீர் பெரும்பாலும் அசையாதிருந்து, சுடர் மங்கி அணையும் தறுவாயில் விரைந்து ஏறுகிறது. இரண்டாவதாக, டம்ளரைக் கவிழ்த்தவுடன் அதன் விளிம்பை உற்று நோக்கினால் சில குமிழிகள் வெளியேறுவதைக் காணலாம். மூன்றாவதாக, ஒரு திரிக்குப் பதில் இரண்டு அல்லது மூன்று திரிகளை ஏற்றி அதே டம்ளரைக் கவிழ்த்தால் நீர் முன்னிலும் உயரமாக ஏறுகிறது. டம்ளருக்குள் உள்ள ஆக்சிஜனின் அளவோ மாறவில்லை.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது உண்மைக் காரணம் தெளிவாகும். சுடரின் வெப்பத்தால் காற்று விரிந்து, ஒரு பகுதி டம்ளருக்குள் செல்லாமலே விலகியும், ஒரு பகுதி குமிழிகளாக வெளியேறியும் விடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாவது உண்மையே. ஆனால் அது முற்றிலும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும். செலவானதற்கு ஈடாகக் கரியமில வாயுவும் உண்டாகிறது. எனவே அதன் பங்கு சிறிதே.

இச்சோதனையை மாணவர் முன் செய்யத் துணியும் ஆசிரியர் ஒரு சங்கடத்தை எதிர்கொள்ள நேரும். தேர்வு வினாத்தாளில் பழைய விடைக்கு மதிப்பெண் இருக்குமாயின் அவர் என்ன செய்வார்? விடைத்தாள் திருத்துவோருக்கும் பள்ளி ஆய்வாளருக்கும் இது குறித்து முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய பொறுப்பு கல்வித் துறையினுடையது. கண்ணால் கண்டதை எழுதிய குழந்தை மதிப்பெண் இழக்கும் நிலை ஏற்பட்டால், அடுத்த முறை அது தட்டைப் பார்க்காது, புத்தகத்தையே பார்க்கும். நெருப்பைக் கையாளும் சோதனையாதலால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதும் சொல்லப்பட வேண்டும்.

முட்டையும் விதைநெல்லும்

நெய்யாறு அகத்தியர் மலைப் பகுதியில் தோன்றிப் பூவாறு அருகே கடலில் கலக்கிறது. ஆற்றில் செல்லும் படகு கடல்நீருக்குள் புகுந்ததும் சற்றே மேலெழுகிறது. ஒரு லிட்டர் ஆற்றுநீர் ஏறக்குறைய 1,000 கிராம் எடையுள்ளது. கடல்நீர் 1,025 கிராம் அளவு. இவ்வேறுபாட்டைப் படகில் காண்பது அரிது. முட்டையில் எளிது. புதிய கோழிமுட்டை நல்ல நீரில் மூழ்கும். உப்பைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்துக் கலக்கிவர, ஒரு கட்டத்தில் முட்டை அடியிலிருந்து எழுந்து மிதக்கிறது. முட்டை மாறவில்லை, நீரே மாறியது என்பதைக் குழந்தைகள் தாமாகவே கூறுவர். நாள்பட்ட முட்டை நல்ல நீரிலேயே மிதப்பதையும் காட்டினால், அங்கே மாறியது முட்டைதான் என்ற எதிர்வாதம் எழும். ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறிக் காற்றறை பெரிதாவதே அதற்குக் காரணம்.

இச்சோதனை வயலுக்கும் உரியது. தரமான விதைநெல்லைத் தெரிந்தெடுக்க உழவர்களுக்கு வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் கற்பிக்கும் முறை இதுவேயாகும். முட்டை மிதந்து, அதன் மேற்பகுதி பழைய 25 காசு நாணயத்தின் அளவுக்கு நீர்மட்டத்திற்கு வெளியே தெரியும்வரை நீரில் உப்புக் கரைக்கப்படுகிறது. பின்னர் முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டினால், பதரும் முற்றாத மணிகளும் மிதக்கும். திண்ணிய மணிகள் அடியில் தங்கும். அடியில் தங்கியவற்றை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவி உப்பை நீக்கியபின் விதைக்கலாம். அடர்த்திமானி என்ற கருவியின் வேலையை முட்டை செய்துவிடுகிறது. அடர்த்தியா, சாந்திரதயா என்ற வழக்கு இங்கே எழுவதில்லை. மிதப்பது எது, தங்குவது எது என்பதை உழவர் வீட்டுப் பிள்ளை முன்பே அறிந்திருக்கும்.

மழைக்காலத்தில் தோற்கும் சோதனை

உலர்ந்த தலைமயிரில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசென்றால் அவை துள்ளி ஒட்டும். எல்லாப் பாடநூல்களிலும் உள்ள இச்சோதனை, ஜூன் மாதத்தில் பாறசாலையில் பெரும்பாலும் நடப்பதில்லை. இப்பகுதி தென்மேற்குப் பருவமழையையும், அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழையையும் பெறுவது. கடலும் அருகில் உள்ளது. ஈரக் காற்றில் பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் படிவதால், தேய்ப்பினால் உண்டான மின்னூட்டம் நில்லாமல் கசிந்துவிடுகிறது. தலையில் தேங்காய் எண்ணெய் தடவிவரும் வழக்கமும் தன் பங்கைச் செய்கிறது.

மண்பானைச் சோதனையும் அவ்வாறே. ஒரே அளவான இரு புட்டிகளில் நீர் நிரப்பி, ஒன்றில் ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தால், ஈரத்துணி சுற்றியது குளிர வேண்டும். கோடையில் பாளையங்கோட்டையின் வறண்ட காற்றில் நன்கு தெரியும் இக்குளிர்ச்சி, மழை நாளில் நெய்யாற்றின்கரையில் அரிதாகவே புலப்படும். நீர் ஆவியாக இடம் தராத காற்று அது. அப்போது ஆசிரியர் “இன்று சரியாக வரவில்லை, புத்தகத்தில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள்” என்பாராயின், நல்ல பாடமொன்று வீணாகிறது. அதே சோதனையைச் சனவரியில் மீண்டும் செய்து இரு குறிப்புகளையும் ஒப்பிடச் செய்தால், மாணவர்கள் ஈரப்பதத்தைப் பற்றிக் கற்பார்கள். தோற்ற சோதனையைத் தேதியிட்டு எழுதிவைக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் இல்லாதது பெருங்குறையே.

ஊசல் பற்றி விரிவாகக் கூற வேண்டியதில்லை. நூலில் கல்லைக் கட்டி, தொங்கும் முனையிலிருந்து கல்லின் நடுவரை 25 செ.மீ. இருக்குமாறு ஆடவிட்டால் ஒரு முழு ஆட்டத்திற்கு ஒரு விநாடி ஆகும்; ஒரு மீட்டராக்கினால் இரண்டு விநாடி. நூல் நான்கு மடங்கு நீண்டால் காலம் இரண்டு மடங்கே கூடுகிறது. கல்லின் எடையை மாற்றினால் காலம் மாறுவதில்லை என்பதை நம்பாத குழந்தைகள்தாம் நன்றாக அளப்பார்கள்.

கட்டிய நூலில் கோத்த உறிஞ்சு குழலின் மீது ஊதிய பலூனை ஒட்டி விடுவித்தால், காற்று ஒருபுறம் பாய, பலூன் மறுபுறம் விரைகிறது. இதே மாவட்டத்தின் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று மாலை ஏவப்பட்ட நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட்டும் இவ்விதியின்படியே எழுந்தது.

கூரை ஓட்டையில் கதிரவன்

ஓலைக் கூரையின் சிறு துளைகள் வழியே வெயில் தரையில் வட்ட வட்டமாக விழுவதை எல்லோரும் கண்டிருப்பர். துளைகள் வட்டமானவை அல்ல, கோணல்மாணலானவை. இருந்தும் வெளிச்சம் ஏன் வட்டமாக விழுகிறது? ஒவ்வொரு வட்டமும் துளையின் உருவமன்று, கதிரவனின் உருவம் என்பதே விடை. ஒளி நேர்கோட்டில் செல்வதால், சிறு துளை ஒவ்வொன்றும் ஊசித்துளைப் படப்பெட்டியாகச் செயற்படுகிறது. அட்டையில் முக்கோணமாகச் சிறு துளையிட்டு, அதனைத் தரையிலிருந்து வரவர உயர்த்திப் பிடித்தால், முக்கோண ஒளி மெல்ல வட்டமாக மாறுவதைக் காணலாம்.

2010 சனவரி 15 அன்று தென்கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் கங்கணச் சூரிய கிரகணம் தெரிந்தது. இத்தகைய வேளையில் கூரைத் துளைகளும், மரத்தின் இலை இடுக்குகளும் தரையில் விழுத்துவது வட்டங்களை அல்ல, வளையங்களை. கிரகணத்தின்போது வீட்டினுள் அடைந்து கிடக்கும் வழக்கமுள்ள இடங்களில், தரையை நோக்கி நின்று பார்க்கும் இம்முறை அச்சத்திற்கும் ஆபத்திற்கும் இடமின்றிக் கிரகணத்தைக் காட்டும். கதிரவனை நேரே நோக்குவது மட்டும் எந்நாளும் கூடாது.

சாதாரண நாளிலும் இவ்வட்டத்திற்கு வேலை உண்டு. கதிரவன் உச்சியை நெருங்கும் நேரத்தில், 3 மீட்டர் உயரத்திலுள்ள துளையிலிருந்து தரையில் விழும் வட்டத்தை அடிக்கோலால் அளந்தால் ஏறத்தாழ 2.8 செ.மீ. வரும். துளைக்கும் தரைக்கும் உள்ள தொலைவு வட்டத்தின் விட்டத்தைப் போல் 107 மடங்கு. கதிரவன் உள்ள தொலைவும் அதன் விட்டத்தைப் போல் அதே மடங்காகவே இருக்க வேண்டும். தொலைவு 15 கோடி கிலோமீட்டர் என்று ஆசிரியர் சொன்னால் போதும். வகுத்துப் பார்க்கும் மாணவனுக்குக் கதிரவனின் விட்டம் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீட்டர் என்று கிடைக்கிறது. அளவைத் தமிழில் எழுதுவதா, மலையாளத்தில் எழுதுவதா என்பதை அவனே முடிவு செய்யலாம்.